வியாழக்கிழமை நிக்கிற வண்டி

மெதுவா சார், மெதுவா. அந்தக் கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. சும்மா கொண்டுபோய் ஒட்டி வெச்சாப் போதும், மீதியை அதுவே இழுத்துக்கும். ஜெர்மன்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். பார்த்தீங்களா... இழுக்கல. போன வாரம் இழுத்துச்சு. சரி விடுங்க, தோளால ஒரு இடி இடிங்க. ஆங், அவ்வளவுதான்.

பாப்பா போன்ல சொன்னாங்க, நாலு மணிக்கு ஒருத்தர் வண்டி பார்க்க வருவாரு, நல்லபடியாக் காட்டிடுங்க அண்ணான்னு. பாப்பான்னா சின்னப் பொண்ணு இல்ல சார். எங்க ஐயாவோட மக. முப்பத்தாறு வயசு, வெளிநாட்டுல பல் டாக்டர். நான் இந்த வீட்டுக்கு டிரைவரா வந்தப்போ ஸ்கூல் பையோட நின்னாங்க, அதனால எனக்கு இன்னைக்கும் பாப்பாதான். விளம்பரம் குடுத்ததே அவங்கதான். அப்பா இந்த வண்டியை வெச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிறாரு, முதல்ல இதைத் தலைமுழுகணும்னு ஒரே பிடிவாதம். ஐயா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ம், பார்க்கலாம்னாரு.

எந்தச் சத்தம்? ஐயோ, அது வண்டி இல்ல சார், இன்னும் சாவியே போடலையே! வீட்டுக்குள்ள சுவரை இடிக்கிறாங்க. வேலை நடக்குது. அதை அப்புறம் சொல்றேன்.

நான் ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன். எனக்குப் பொய் சொல்ல வராது. இது மோசமான வண்டின்னு நான் சொல்லவே மாட்டேன், சொன்னா நாக்கு அழுகிடும். போகும்போது இது மாதிரி ஒரு வண்டி கிடையாது. உள்ள உக்காந்தா வெளியில இடி விழுந்தாலும் தெரியாது. நான் சொல்ல வந்தது போகாதப்போ எப்படிங்கறது.

இப்ப உங்க பழைய வண்டியில ஆயில் இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? பானெட்டைத் திறந்து குச்சியை உருவி, துணியில தொடைச்சுப் பார்ப்பீங்க. இதுல குச்சியே கிடையாது சார். ஆயில் இருக்கா இல்லையான்னு வண்டியே கண்ணாடித் திரையில சொல்லும். அதுக்கு மனசு இருந்தா சொல்லும். ஸ்டெப்னி? டிக்கியில தேடாதீங்க, அதுவும் கிடையாது. பஞ்சரே ஆகாதுன்னு நினைச்சுட்டான் போல.

அப்புறம் இதுக்கு ஸ்பிரிங் இல்ல, காத்துப் பைதான். நாலு சக்கரத்துக்கும் நாலு பை. காலையில வந்து பார்த்தா முன்பக்கம் தரையோட தரையாப் படுத்திருக்கும். சாவியைப் போட்டா முக்கி முனகி எழுந்திருக்கும். ஒரு நாள் எழுந்திருக்கவே இல்ல. ஐயா கோட்டு போட்டுக்கிட்டு வெளியில நிக்கிறாரு, இது படுத்தே கிடக்கு. நான் ஒரு பக்கம் வண்டியைக் கெஞ்சறேன், இன்னொரு பக்கம் ஐயாவைக் கெஞ்சறேன்.

இன்னொன்னு கேளுங்க. வண்டி கழுவற இடத்துக்குப் போயிருந்தோம், அதான், பெரிய பிரஷ் எல்லாம் சுத்திக்கிட்டு வருமே, உள்ளேயே உக்காந்திருக்கலாமே, அந்த இடம். ஐயா பின் சீட்டுல வெள்ளைச் சட்டையோட உக்காந்திருக்காரு, எங்கேயோ மீட்டிங். நடுவுல போனதும் நாலு ஜன்னலும் தானா இறங்கிடுச்சு. நாலும், ஒன்னாச் சேர்ந்து. நான் பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறேன், ம்ஹும். சோப்பு நுரையோட ஐயா வெளியில வந்தாரு பாருங்க. சிரிக்காதீங்க சார், அன்னைக்கு நான் சிரிச்சிருந்தா எனக்கு வேலை போயிருக்கும். தண்ணி குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்த்தான் சிரிச்சேன்.

உங்களுக்கு நல்ல மெக்கானிக் இருக்காரா? எங்களுக்கும் இருந்தாரு சார், ஒன்னுக்கு மூணு பேர். மூணு பேரும் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, பொணத்தைப் பார்த்த மாதிரி மெதுவா மூடிட்டாங்க. கடைசியில ஒருத்தர் கிடைச்சாரு. அவரை எல்லாரும் ஸ்கேன்னுதான் கூப்பிடுவாங்க. கையில கரியே படாது, லேப்டாப்பைச் சொருகுவாரு, உம்னு பார்ப்பாரு, பார்ட்ஸ் ஆர்டர் போடணும்பாரு. அந்தப் பார்ட்ஸ் கடல் தாண்டி வர்றதுக்கு மூணு வாரம். மூணு வாரமும் ஐயா ஆட்டோவுல போவாரு.

தைரியசாலிதான் நீங்க. இவ்வளவு சொல்லியும் ஸ்டியரிங்கைத் தடவிக்கிட்டே இருக்கீங்களே.

சரி, பெரிசைச் சொல்றேன். இஞ்சின்ல கொதிக்கிற தண்ணி ஓடற குழாயை அவன் பிளாஸ்டிக்ல செஞ்சிருக்கான் சார். நம்ம வீட்டுப் பக்கெட்டே ரெண்டு வருஷம் வெயில்ல கிடந்தா விரிசல் விடுது. அவ்வளவு படிச்சவனுக்கு இது தெரியலையே! அந்தக் குழாய்தான் மேம்பாலம் இறங்கற இடத்துல படார்னு போச்சு. ஒரே ஆவி. அதுவரைக்கும் வீட்டுலயும் ஆபீஸ்லயும்தான் மக்கர் பண்ணிக்கிட்டு இருந்துச்சு, நடுரோட்டுல விட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை. அதுலதான் இருக்கு விஷயமே.

ஏன்னா, எங்க ஐயா என்ன தொழில் தெரியுமா? லிஃப்ட். ஊர்ல எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னாலும் பத்து நிமிஷத்துல இவர் ஆள் போய் நிப்பான். ஆனா சொந்த வீட்டுல லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு, அதான் ஐயா சம்சாரத்துக்கு, இடது முழங்கால் போச்சு. மாடிக்கு இருபத்திரெண்டு படி. ஊருக்கெல்லாம் மாட்டுறீங்களே, நமக்கு ஒன்னு மாட்டுங்கன்னு அம்மா ரெண்டு வருஷமாக் கேட்டாங்க. ஆகட்டும் ஆகட்டும்னாரு. அதுக்குன்னு எடுத்து வெச்சிருந்த பணத்துல ஒரு நாள் இந்த வண்டியை வாங்கிட்டு வந்து நிறுத்திட்டாரு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

இதோ, இந்த இடத்துலதான் வந்து நின்னுச்சு. அம்மா வாசல்ல வந்து பார்த்தாங்க. பார்த்துட்டு, இது உங்களை நடுரோட்டுல விடும்னாங்க. ஐயாவுக்கு மூக்குமேல கோபம். விட்டா உன் வண்டியிலதான் ஏறி வீட்டுக்கு வருவேன், போதுமான்னாரு. அம்மாகிட்ட ஒரு சின்ன வண்டி இருக்கு, கியர் இல்லாதது, இடது காலுக்கு வேலை இல்ல பாருங்க. அந்த வண்டியை ஐயா சோப்பு டப்பான்னு சொல்லுவாரு.

அன்னைக்கோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுடுச்சு. ஐயா மாடியில, அம்மா கீழ. ஏழு மாசம் சார். எல்லாமே என் வழியாத்தான் போகும். தம்பி, உங்க ஐயாகிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்கம்பாங்க. ஐயா அங்கேயே நிப்பாரு, மூணு அடி தள்ளி. நான் திரும்பி, ஐயா, மாத்திரை போட்டாச்சாம்பேன். ஆச்சுன்னு சொல்லுப்பாம்பாரு. அம்மா, ஆச்சாம். எனக்கு வாயே வலிக்கும்.

அன்னைக்கு மேம்பாலத்துல நான்தான் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஐயா பண்ணச் சொல்லல, பண்ண வேண்டாம்னும் சொல்லல. பேப்பர் படிக்கிற மாதிரி நின்னாரு. அம்மா வந்து ஓரமா நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏறுங்கன்னாங்க. இவரு குனிஞ்சு உள்ள நுழைஞ்சாரு. முட்டி டேஷ்போர்டுல இடிக்குது. அம்மா வண்டியை எடுத்துக்கிட்டே, சொன்னேன்லன்னாங்க. ஏழு மாசத்துல முதல் வார்த்தை! அதைச் சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்க்கணுமே நீங்க, பத்து வயசு குறைஞ்சு போச்சு.

நானும் பின் சீட்டுல இருந்தேன், அதான் தெரியும். இன்டிகேட்டர் போடுன்னு இவரு. போட்டாச்சு, கண்ணு தெரியலையான்னு அவங்க. எதிர்ல வண்டி வந்தா இவரு காலைத் தரையில அமுக்கறாரு. உங்க பக்கம் பிரேக் இல்லைங்கறாங்க. வீடு வர்ற வரைக்கும் சண்டைதான். ஆனா பேச்சு சார், பேச்சு! எனக்கு நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. வீட்டுல இறங்கறப்போ அம்மா காலை ஊனி முகத்தைச் சுளிச்சாங்க. ஐயா அதைக் கவனிச்சாரு.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல ஒம்பது தடவை நின்னுச்சு. ஒம்பது தடவையும் அம்மாதான் வந்தாங்க. அவங்களுக்கு அந்தச் சொன்னேன்லங்கற வார்த்தையைச் சொல்றதுல அவ்வளவு ஆசை. நான் மட்டும் வண்டியோட நிப்பேன், அதை ஏத்திக்கிட்டுப் போற லாரி வர்றதுக்கு. அடிக்கடி வந்து அந்த லாரிக்காரர் எனக்குச் சம்பந்தி மாதிரி ஆயிட்டாரு.

இப்ப புரியுதா சார்? இப்படிப்பட்ட வண்டி உங்களுக்கு எதுக்கு? இவ்வளவு பணம் குடுத்து நீங்க எதுக்கு ரோட்டுல நிக்கணும்? ஓட்டிப் பார்க்கணுமா? தாராளமாப் பாருங்க. இந்தாங்க சாவி. இன்னைக்கு அது எந்த மனசுல இருக்கோ.

செல்ஃப் சுத்துது... சுத்துது... ம். ஆகல. இன்னொரு தடவை போடுங்க. ஆகாது சார், நான் சொன்னேன்ல. விடுங்க, பேட்டரி போயிடும். இறங்குங்க, உள்ள போய் டீ சாப்பிடலாம். பாப்பாவுக்கு நானே சொல்லிடறேன், சாருக்குக் கலர் பிடிக்கலைன்னு. இதுக்கு முன்னாடி வந்த மூணு பேருக்கும் கலர்தான் பிடிக்கல.

என்னது? எடுத்துக்கறீங்களா?

ஸ்டார்ட்டே ஆகலையே சார்! ஓ... அதனால விலையில கால்வாசி குறைச்சு, இன்னைக்கே லாரி வெச்சுத் தூக்கிட்டுப் போறீங்களா. உங்க மச்சான் இதே கம்பெனி வண்டியத்தான் ரிப்பேர் பண்றாரா. அடக் கடவுளே, அதை வந்த உடனே சொல்றதுதானே! நான் பாட்டுக்குக் குழாய், காத்துப் பைன்னு உங்க காதுல ஓதிக்கிட்டு இருக்கேன். இருங்க, இருங்க, பாப்பாவுக்குப் போன் போடாதீங்க. சார், கும்பிட்டுக் கேக்கறேன், அந்தப் போனை உள்ள வைங்க.

சொல்லிடறேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல.

சத்தியமா. அந்தக் கதவு ஒன்னுதான் நிஜம். மத்ததெல்லாம் பழைய கதை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்கேன் மொத்தத்தையும் கழட்டி மாட்டினாரு. குழாய், பம்பு, காத்துப் பை, வயரு, எல்லாம் புதுசு. இந்தாங்க, கையை நீட்டுங்க. இதான் ஃபியூஸ், பெட்ரோல் பம்போடது. காலையிலேயே கழட்டி என் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். பானெட்டைத் தூக்கறேன், நீங்களே சொருகிப் பாருங்க. இடது பக்கக் கறுப்புப் பெட்டி, அஞ்சாவது. ஆங். இப்ப சாவியைப் போடுங்க.

கேட்டீங்களா... சத்தமே இல்ல. டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட எரியல பாருங்க. தங்கம் சார், தங்கம்.

ஐயோ, இப்ப இன்னும் ஆசை வந்துடுச்சா உங்களுக்கு! என் நேரத்தைப் பாருங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஸ்கேன் சரி பண்ணினப்புறம் வண்டி நிக்கவே இல்ல. ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு. அம்மா பேசறதுக்கு வழியில்ல, ஐயா ஏறறதுக்கு வழியில்ல. ஒரு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. தம்பி, உங்க ஐயாகிட்ட கேளுங்க. அம்மாகிட்ட சொல்லுப்பா. வண்டி நிக்கலைன்னா சும்மா பேசக்கூடாதான்னு கேக்கறீங்களே, உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா? எத்தனை வருஷம்? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. முதல்ல யார் பேசறதுங்கறதுலதானே சார் எல்லாம் இருக்கு. அன்னைக்கு நடுவுல அந்தக் குழாய் வெடிச்சதாலதான் ரெண்டு பேருக்கும் மானம் போகாமப் பேச முடிஞ்சுச்சு.

எனக்குப் பொறுக்கல. ஒரு வியாழக்கிழமை, ஐயா சீக்கிரம் கிளம்பற நாள், ஏதோ சத்தம் கேக்குதுங்கய்யான்னு ஓரம் கட்டினேன். பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு மரம் இருக்கும், நல்ல நிழல். இறங்கிப் பானெட்டைத் திறந்து, இந்த ஃபியூஸை உருவி, சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். வந்தாங்க. சொன்னேன்லன்னாங்க. ஐயா சிரிச்சாரு சார், வாய்விட்டு. அவங்க போனதும் ஃபியூஸைச் சொருகினேன், ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். அவங்களுக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்துடக் கூடாதேன்னு தெருமுனையில அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.

அதுலேர்ந்து வாரா வாரம் வியாழக்கிழமை நிக்குது. மூணாவது வாரமே அம்மா ஃபிளாஸ்க்குல டீ எடுத்துட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க, ரெண்டு டம்ளரோட. இன்னொன்னும் சொல்லணும். வீட்டுலேர்ந்து அந்த மரத்துக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். இப்பல்லாம் நான் போன் பண்ணினா பத்து நிமிஷத்துல வந்து நிக்கிறாங்க. அந்தச் சோப்பு டப்பாவை எப்படித்தான் பறக்க விடறாங்களோ, எனக்குப் பயமா இருக்கு.

தப்புதான் சார். எனக்கும் மனசு உறுத்துச்சு. சோறு போடற மனுஷனை வாரா வாரம் ஏமாத்தறேனே, அறுபத்தஞ்சு வயசுல ரோட்டுல இறக்கி நிக்க வெக்கறேனேன்னு. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை, இன்னையோட இந்தப் பித்தலாட்டம் போதும், ஒழுங்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவோம்னு நேரா ஓட்டினேன். பெட்ரோல் பங்க் போச்சு. மரம் போச்சு. பின்னாடி பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டுச்சு. கண்ணாடியில பார்த்தா ஐயா என்னையே பார்க்கறாரு. பார்த்துட்டு, என்னப்பா, இன்னைக்கு வண்டி நிக்கலையான்னு கேட்டாரு.

எனக்கு வேர்த்துப் போச்சு சார். வண்டியைத் திருப்பி, அதே மரத்தடியில கொண்டுபோய் நிறுத்திப் பானெட்டைத் தூக்கினேன். ஐயா இறங்கி, சைடு கண்ணாடியில பார்த்துத் தலை வாரிக்கிட்டாரு. எனக்கு அழுகையா வந்துடுச்சு, பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன்.

ஏன், ஃபியூஸைக் கழட்டாமச் சும்மாவே நிறுத்தலாமேங்கறீங்களா? அது எப்படி சார்! அம்மாகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா? வண்டி நின்னாத்தான் ஏறுவேன்னு ஐயா வாக்கு குடுத்திருக்காரு. அப்போ வண்டி நிஜமாவே நிக்கணும். நியாயம்னு ஒன்னு இருக்குல்ல?

பாப்பாகிட்டயும் இதைச் சொல்ல முடியாது. அவங்க சிரிச்சுக்கிட்டே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேப்பாங்க. அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் வெக்கப்பட்டுக்கிட்டு மாடிக்கொருத்தராப் போய் உக்காந்துடுவாங்க. ஐயாவால விற்க வேண்டாம்னும் சொல்ல முடியல, சொன்னா ஏன்னு கேப்பாங்களே. பார்க்கலாம்னு சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்த்தாரு. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா அந்த முகத்தைக் கண்ணாடியிலதானே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

இப்ப அந்த இடிக்கிற சத்தம் கேக்குதே, அது என்னன்னு சொல்லட்டுமா? லிஃப்ட். போன மாசம் ஐயா கம்பெனி ஆளுங்க வந்து அளவெடுத்தாங்க. ஐயா கூடவே நின்னு, கதவு அகலமா இருக்கணும், குலுங்கவே கூடாதுன்னு அவங்க உயிரை எடுத்தாரு. இன்னும் ரெண்டு மாச வேலை. அது ஓட ஆரம்பிச்சுட்டா அம்மா மாடிக்குப் போயிடுவாங்க, அப்புறம் இந்த வண்டி எதுக்கு? ரெண்டு மாசம் பொறுத்து வாங்க சார். நானே பேசி முடிச்சுத் தரேன், அந்தக் கதவையும் என் செலவுல சரி பண்ணித் தரேன். அதுவரைக்கும் பாப்பா கேட்டா கலர் பிடிக்கலைன்னுடுங்க.

பாப்பாகிட்ட அப்படியே சொல்லிடறீங்களா? நல்லா இருங்க சார், நீங்க நல்லா இருக்கணும். அந்த ஃபியூஸை மட்டும் கழட்டிக் குடுத்துட... வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும். இப்ப நான் ஐயாவைக் கூட்டிட்டு வரப் போகணும். மணி என்ன? நாலே முக்காலா?

கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க சார். அம்மா வெளியில வர்றாங்க. நம்மளைப் பார்க்கல. சோப்பு டப்பாவைத் திறக்கறாங்க. கையில என்ன அது, ஃபிளாஸ்க்கு... கேட்டைத் திறந்தாச்சு. இந்நேரத்துக்கு இவங்க எங்க கிளம்...

சார். இன்னைக்கு வியாழக்கிழமை சார். நான் இன்னும் வண்டியவே எடுக்கல, போனும் பண்ணல.

இறங்குங்க சார், சீக்கிரம் இறங்குங்க. கதவை நான் சாத்திக்கறேன். நான் ஐயாவை ஏத்திக்கிட்டு அம்மா காத்திருக்கிற இடத்துல போய் நிக்கணும்.